ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சியோல் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கத்து ஏரியை இடப்புறமாக விட்டுவிட்டு இருங்காட்டுக்கோட்டையை நெருங்குகிறவர்கள், சாலையோரத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் வட்டமும் கோடும் கட்டமுமாகக் கொரிய எழுத்து மூன்றாவதாக வந்து அமர்ந்திருப்பதைக் காண்பார்கள். 1996-ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் இங்கே வந்து, 1998-இல் தன் முதல் சான்ட்ரோ காரை வெளியே உருட்டிவிட்ட நாள் முதலாகப் பரவிய எழுத்து அது. 2007-இல் சாம்சங் தொழிற்சாலையும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த பிறகு அதன் செல்வாக்கு இன்னும் வலுத்தது. தெற்கே பதினைந்து இருபது கிலோமீட்டர் போனால் ஒரகடம். அங்கே 2010-இல் திறக்கப்பட்ட ரெனோ–நிஸான் கார் ஆலையும், 2012-இல் திறக்கப்பட்ட டெய்ம்லர் லாரி ஆலையும் பாரிஸையும் யோகொஹாமாவையும் ஸ்டுட்கார்ட்டையும் நமது செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களின் பழைய கிராமங்களுக்கு அண்டை வீடுகளாக்கிவிட்டன.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் நின்றுகொண்டு, "இங்கிருந்து சியோல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் ஒருவருக்கொருவர் மாறுபட்ட விடைகள் கிடைக்கும். பூகோள ஆசிரியர் கிலோமீட்டரில் விடை சொல்வார். டிக்கெட் ஏஜென்சிக்காரர் மணிக்கணக்கில் சொல்வார். மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வரும் கம்பெனி இஞ்சினியரோ, "ஒரு நாள் போய்விடும்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார். மூவருடைய விடையும் மெய்யே. ஒரே தூரம் எப்படி மூன்று விதமாக அளக்கப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

பூகோள ஆசிரியரின் விடையே எளியது. மீனம்பாக்கத்திலுள்ள சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையிலும் 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. சியோல் நகரத்துக்குரிய இஞ்சியோன் விமான நிலையம் முப்பத்தேழரை பாகை வட அட்சரேகையிலும் 126 பாகைக்குச் சற்று மேற்பட்ட தீர்க்கரேகையிலும் இருக்கிறது. இவ்விரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பூமியின் மேற்பரப்பிலே மிகக் குறுகிய வழியை அளந்தால் அது சுமார் 5,300 கிலோமீட்டர். அந்தக் குறுகிய வழி எது என்பதில்தான் சாதாரண வாசகர் ஏமாந்து போகிறார். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் சென்னைக்கும் சியோலுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் அது ஒரு வழியைக் காட்டும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையில் அழுத்தி மறு முனையைச் சியோலில் வைத்து இறுக்கமாக இழுத்தால் அந்த நூல் வேறொரு வழியில், வடக்கு நோக்கிச் சற்று வளைந்து படியும். உருண்டையின் மேல் நூல் காட்டுவதுதான் உண்மை. தட்டையான படம், உருண்டையை உரித்துப் பரப்ப முயன்ற குற்றத்துக்காக, திசைகளையும் தூரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் பொய்யாக்கியே தீரவேண்டியிருக்கிறது. நூல் படியும் அந்த வழிக்குக் கணித சாஸ்திரத்தில் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இந்தப் பாதையை நாம் மனத்தால் பின்தொடர்ந்து போனால், மீனம்பாக்கத்திலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, வங்கதேசமும் பர்மாவும் சந்திக்கும் கடற்கரையில் நிலத்தைத் தொட்டு, வட பர்மாவின் மலைகளுக்கு மேலாகச் சீனத்தின் யூனான் மாகாணத்துக்குள் நுழைவோம். மொத்த வழியின் சரிபாதி, கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த யூனான் மாகாணத்தில், பனிமலை அடிவாரத்தில் உள்ள லிஜியாங் என்னும் புராதன நகரத்தின் அருகில் விழுகிறது. சென்னைக்கும் சியோலுக்கும் நடுப்புள்ளி இமயமலைத் தொடரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது என்று சொன்னால், தட்டைப் படத்தையே பார்த்துப் பழகிய கண்கள் லேசில் நம்பமாட்டா. அதற்கு அப்பால் சீனத்தின் நடுப்பகுதியைக் கடந்து, ஷாண்டோங் தீபகற்பத்தை ஒட்டி, மஞ்சள் கடலைத் தாண்டினால் இஞ்சியோன்.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர்க்காரர் இந்தப் பாதையில் போவது அபூர்வம். ஹூண்டாய் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், சென்னைக்கும் சியோலுக்கும் நிரந்தர அட்டவணையோடு கூடிய நேர் விமானம் நெடுங்காலமாக வாய்க்காமலே இருந்தது. ஆகவே ஹாங்காங், பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர், டில்லி ஆகிய ஏதாவதோர் ஊரில் இறங்கி ஏறித்தான் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. எந்த ஊரில் மாறுகிறோம் என்பதைப் பொறுத்துத் தூரமும் மாறுகிறது. ஹாங்காங் வழியாகப் போனால் சென்னையிலிருந்து 3,700 கிலோமீட்டரும் அங்கிருந்து 2,070 கிலோமீட்டருமாக மொத்தம் 5,800-க்குச் சற்றுக் குறைவு. நேர் வழியைவிட ஐந்நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. சிங்கப்பூர் வழியாகப் போனாலோ, பூமத்திய ரேகைக்கு அருகே வரைக்கும் தெற்கே இறங்கி 2,900 கிலோமீட்டர் பறந்துவிட்டு, பிறகு வடக்கே 4,600 கிலோமீட்டர் ஏறவேண்டும், மொத்தம் 7,500. சியோலுக்குப் போக வேண்டியவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அநாவசியமாகப் பறக்கிறார். ஆனாலும் நம்மவர்கள் சிங்கப்பூர் வழியை விரும்பி எடுப்பதற்குக் காரணமுண்டு. சென்னையிலிருந்து அங்கே விமானங்கள் அடிக்கடி இருக்கின்றன, மாறும் இடமும் சௌகரியமானது, டிக்கெட் விலையும் கிலோமீட்டரைக் கணக்குப் பார்த்து வைக்கப்படுவதில்லை. தூரம் கூடின வழிக்கு விலை குறைந்திருப்பது ஆகாய மார்க்கத்தின் விசித்திர நியாயங்களில் ஒன்று.

இனி நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், தன்னைச் சூழ்ந்துள்ள காற்றுக்குள்ளே மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 5,300 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று விடை வரும். பள்ளிக்கூடத்துக் கணக்கு இதோடு முடிந்துவிடும். வானத்துக் கணக்கு இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. ஏனென்றால் அந்த 900 என்பது காற்றைக் கிழித்துச் செல்லும் வேகமேயன்றித் தரையைக் கடக்கும் வேகமன்று. காவிரியில் பரிசல் விடுகிறவனைக் கேட்டால் இதை நமக்குச் சொல்லிவிடுவான். அவன் எத்தனை பலத்தோடு துடுப்புப் போட்டாலும் நீரோட்டத்தோடு போனால் ஒரு நேரம், எதிர்த்துப் போனால் வேறொரு நேரம். காற்று பின்னாலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் விமானம் தரைக்கு மேலே ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஐந்தேகால் மணியளவில் தூரத்தை முடித்துவிடும். அதே காற்று முன்னாலிருந்து எதிர்த்தால் ஆறு மணி முப்பத்தேழு நிமிஷம் ஆகும். தரையில் உருளுவதற்கும் ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரைமணி முக்கால் மணியையும் சேர்த்துக்கொண்டால், சென்னையிலிருந்து சியோலுக்குப் போகையில் ஆறு ஆறரை மணி, திரும்புகையில் ஏழு ஏழரை மணி என்பது நியாயமான மதிப்பு.

இந்த வித்தியாசத்துக்குப் பூமியின் சுழற்சியே நேர்க் காரணம் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அப்படியானால் மேற்கே போகிற விமானத்துக்கு ஊர் தானாகவே எதிர்கொண்டு வந்து நிற்க வேண்டாமா என்று அவர்கள் வாதிப்பார்கள். பூமி சுழலும்போது அதைப் போர்த்திக்கொண்டிருக்கும் காற்று மண்டலமும் கூடவே சுழல்கிறது. விமானமும் அந்தக் காற்றுக்குள் இருக்கிற பொருள்தான். ஆனால் அந்தச் சுழற்சியும், நிலநடுப் பகுதிகளின் உஷ்ணத்துக்கும் துருவப் பகுதிகளின் குளிர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையும் சேர்ந்து, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் வீசும் வேகமான காற்று நதிகளை உண்டாக்குகின்றன. பூமியின் சுழற்சி விமானத்தைப் பாதிப்பது இந்தச் சுற்று வழியில்தான். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் மேலே குளிர்காலத்தில் இந்த ஜெட் காற்று மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தையும் எட்டிவிடுகிறது.

இந்தக் காற்றை முதன்முதல் முறையாக அளந்து எழுதியவர் வஸபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானிய வானிலை நிபுணர். டோக்கியோவுக்கு வடக்கே டடேனோ என்ற இடத்து ஆராய்ச்சி நிலையத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் திசையையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு, 1926-இல் தமது முடிவுகளை வெளியிட்டார். உலகத்தார் அனைவரும் படிக்கவேண்டும் என்ற பரந்த நோக்கத்தோடு அதை எஸ்பெராந்தோ என்னும் செயற்கை உலக மொழியில் எழுதினார். விளைவு, உலகத்தார் அநேகமாக யாருமே அதைப் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பானின் மீது குண்டு வீசப் புறப்பட்ட அமெரிக்க விமானங்கள் இந்தக் காற்றில் அகப்பட்டுக்கொண்டு, குறி தவறித் திண்டாடிய பிறகே அதன் வலிமை மேல்நாட்டுப் படையினருக்குப் புரிந்தது. நல்ல எண்ணம் மட்டும் ஒரு நூலுக்கு வாசகரைத் தேடித் தந்துவிடாது என்பதற்கு ஓயிஷியைவிடப் பரிதாபமான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

நம் பக்கத்திலும் ஒரு காற்று நதி உண்டு. அது எதிர்த்திசையில் ஓடுவது. தென்மேற்குப் பருவமழைக் காலமாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரையில், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகைக்கு மேலாகவே, பதினான்கு பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று வீசுகிறது. இதை வெப்ப மண்டலக் கீழைக் காற்றோட்டமென்று இனங்கண்டு 1958-இல் எழுதியவர் நமது இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம். விமானம் பறக்கும் உயரத்தைவிட இந்தக் காற்றின் மையம் சற்று மேலேயே இருந்தாலும் அதன் அடிவீச்சு விமானத்தையும் எட்டும். ஆகவே ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து கிழக்கே கிளம்புகிறவர் முதலில் எதிர்காற்றில் தொடங்கி வடக்கே போகப் போக அதிலிருந்து விடுபடுகிறார். மார்கழி, தை மாதங்களில் போகிறவருக்கோ யூனானைக் கடந்ததும் மேலைக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னை–டோக்கியோ நேர் விமானம் ஓடியபோது இந்த உண்மை அட்டவணையிலேயே கண்கூடாகத் தெரிந்தது. ஆல் நிப்பான் ஏர்வேஸ் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2019 அக்டோபர் கடைசியில் வாரம் மும்முறையாகத் தொடங்கிய சேவை அது. 6,500 கிலோமீட்டர் தூரத்துக்கு, டோக்கியோவை நோக்கிப் போகையில் சுமார் எட்டரை மணி நேரமும், சென்னையை நோக்கி வருகையில் சுமார் பத்து மணி நேரமும் ஆயின. ஒரகடத்து ஜப்பானிய நிறுவனங்களுக்கும் அவற்றை அண்டிய உதிரிபாகக் கம்பெனிகளுக்கும் பெரிய வரப்பிரசாதமாக இருந்த அந்தச் சேவை, தொடங்கிய சில மாதங்களிலேயே கொரோனாத் தொற்றினால் நின்றுபோனது.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் மணியை வைத்துப் பிரயாண நேரத்தைக் கணக்கிடப் புறப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. கிளம்பும் மணி கிளம்பும் ஊரின் கடிகாரத்தையும், சேரும் மணி சேரும் ஊரின் கடிகாரத்தையும் அனுசரித்தவை. கொரியாவின் கடிகாரம் நமது கடிகாரத்தைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. உதாரணமாக, இரவு 1 மணிக்கு இங்கே புறப்பட்டு ஆறரை மணி நேரம் பறக்கும் ஒரு நேர் விமானம், அங்கே பகல் 11 மணிக்கு இறங்கும். பார்க்கிறவர் பத்து மணிப் பிரயாணம் என்றெண்ணுவார். திரும்பும்போது அங்கே பகல் 12 மணிக்குக் கிளம்பி ஏழரை மணி நேரம் பறந்து இங்கே மாலை 4 மணிக்கு வந்து சேரும். அதைப் பார்த்து நாலே மணியில் கொரியாவிலிருந்து வந்துவிட்டதாக மகிழ்ச்சியடைகிறவரும் இருக்கிறார்.

இந்த மூன்றரை மணியும், அதற்கு மறுபுறமாக ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசமும் சேர்ந்து இந்த வட்டாரத்து வாழ்க்கையையே ஒருவிதமாக அமைத்துவிட்டிருக்கின்றன. ஜெர்மனியில் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை மணி நம்மைவிடப் பின்னால். சியோலில் காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் கூடும்போது இருங்காட்டுக்கோட்டையில் விடியற்காலை ஐந்து மணி. கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொள்ளப் புறப்படும் வேளை அது. அங்கே மாலை ஆறு மணிக்குக் கடையைக் கட்டும்போது இங்கே பிற்பகல் இரண்டரை. ஒரகடத்து லாரி ஆலைக்காரருக்கோ, ஸ்டுட்கார்ட்டில் காலை ஒன்பது மணியடிக்கும்போது இங்கே மத்தியான்னச் சாப்பாட்டு வேளை. ஆகவே ஒரே நெடுஞ்சாலை வட்டாரத்தில், வடகோடியில் இருப்பவர் காலையில் கிழக்கைப் பார்த்து டெலிபோனில் பேசுகிறார். தென்கோடியில் இருப்பவர் மாலையில் மேற்கைப் பார்த்துப் பேசுகிறார். இரண்டு தலைமையிடங்களுக்கும் நட்டநடுவில் அமர்ந்திருப்பது இந்த ஊர்களுக்கு வாய்த்த சௌகரியமா, அசௌகரியமா என்பது அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது.

மேற்கே போகும் வழியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். சென்னைக்கும் பிராங்பர்ட்டுக்கும் பெருவட்டப் பாதையில் சுமார் 7,600 கிலோமீட்டர். லுப்தான்ஸா விமானம் நேராகப் போகிறது. போகையில் பத்து மணியளவு, வருகையில் ஒன்பது மணியளவு. இந்தப் பாதையின் கால்பங்குப் புள்ளி கராச்சிக்கு அருகிலும், பாதிப் புள்ளி காஸ்பியன் கடலின் தென்கரையிலும் விழுகின்றன. நூலை இழுத்துக் காட்டுகிற பூகோள சாஸ்திரத்துக்கு எல்லைக்கோடுகள் கிடையா, விமானத்துக்கு உண்டு. 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மட்டும் மறுபடியும் மூடியது. 2022 முதல் உக்ரைனின் வானம் மூடப்பட்டிருக்கிறது; ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யாவின் வானமும் இல்லை. இரானில் ஏதேனும் சலனம் ஏற்பட்டால் அன்றைக்கே வழி மாறுகிறது. அப்போதெல்லாம் தூரம் கூடுகிறது, எரிபொருள் கூடுகிறது, அரைமணியோ ஒருமணியோ தாமதமாகிறது. இறங்கிய ஊரில் அடுத்த விமானத்தைத் தவறவிட்ட பிரயாணி, அரசியல் தன்னை என்ன செய்துவிடும் என்று இதுவரை அலட்சியமாக இருந்தவராயினும், அன்றைக்குச் செய்தித்தாளைப் புரட்டிப் பார்ப்பார்.

இந்த மாதிரித் தாமதங்களை நொந்துகொள்கிறவர்களுக்கு ஆறுதலாக ஒரு பழைய பிரயாணத்தைச் சொல்லத் தோன்றுகிறது. ராஜராஜ சோழனுடைய காலத்தில் புறப்பட்ட சோழ தூதர்கள் சீனத்துச் சோங் வம்சத்துச் சக்கரவர்த்தியின் சபைக்கு 1015-ஆம் ஆண்டில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் துறைமுகம் துறைமுகமாகத் தங்கித் தங்கி, பருவக் காற்றுக்காகக் காத்திருந்து காத்திருந்து, மொத்தம் 1,150 நாட்கள் வழியில் கழித்ததாகச் சீனத்து வரலாற்று ஏடு குறித்துவைத்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல்! அவர்கள் சீனத்தில் இருந்த காலத்தை அடுத்து, 1017-இல், இதே ஸ்ரீபெரும்புதூரில் ராமாநுஜர் அவதரித்ததாகச் சம்பிரதாயம். கொரியாவுக்கும் நமக்கும் இதைவிடப் பழைய உறவு உண்டென்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்; 13-ஆம் நூற்றாண்டில் கொரிய பௌத்த பிக்ஷு ஒருவர் தொகுத்த சாம்குக் யூஸா என்னும் நூலில், கி.பி. 48-இல் அயுத்தா என்னும் நாட்டிலிருந்து கப்பலேறி வந்து சூரோ மன்னனை மணந்த இளவரசியின் கதை இருக்கிறது. அந்த அயுத்தா வடக்கே அயோத்தியா, அல்லது நமது தெற்கா என்று இரு தரப்பிலும் உற்சாகமாக வாதம் நடக்கிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்ட கதையின் மீது அத்தனை பாரத்தை ஏற்றுவது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

ஆகாயத் தபால் தொடங்கிய காலத்துக்கு வந்தாலும் வேகம் இன்றைக்கு நமக்குச் சிரிப்பைத்தான் உண்டாக்கும். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு சிறிய விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். லண்டனிலிருந்து ஏகாதிபத்திய ஆகாயக் கம்பெனியின் விமானத்தில் கராச்சி வரை வந்துவிட்ட கடிதத்தைச் சென்னைக்குச் சேர்ப்பதே அன்றைய பெருங்காரியம். பிராங்பர்ட்டுக்குப் போகிற குறுக்கு வழி கராச்சியைத் தொட்டுக்கொண்டு போவதை முன்பே பார்த்தோம். அந்தப் பழைய வைமானிகர்கள் தேர்ந்தெடுத்த திசை பூமியின் வடிவத்துக்கு உடன்பட்ட திசையாகவே இருந்திருக்கிறது.

இவ்வளவும் விமானத்துக்குள் இருக்கும் நேரத்தின் கதை. கம்பெனி இஞ்சினியர் சொன்ன "ஒரு நாள்" எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, நள்ளிரவுக்கு மேல் மீனம்பாக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நகரமெல்லாம் உறங்கும் அந்த வேளையில்தான் அயல்நாட்டு விமானங்கள் வருவதும் போவதுமாக நிலையம் விழித்திருக்கிறது. நடு இரவை ஒட்டிச் சென்னையை விட்டுக் கிளம்பினால்தான் சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ காலைப் பொழுதில் இறங்கி, அங்கிருந்து வடக்கே கிளம்பும் காலை விமானங்களைப் பிடிக்க முடியும். பெரிய மாற்றூர் நிலையங்களின் சௌகரியத்துக்கு ஏற்பச் சிறிய ஊர்க்காரர்கள் தூக்கம் விழிக்கிறார்கள். வெளியே வரும் வாசலில், வெள்ளைச் சட்டை போட்ட கேப் டிரைவர்கள் கொரிய எழுத்தில் பெயர் எழுதிய அட்டைகளை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். சுங்குவார்சத்திரத்துப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம், "அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க சார், ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க, அவரு பார்த்துட்டு நேரா எங்கிட்ட வந்துடுவாரு" என்றார். பிறகு, நான் கேளாமலே, "ஃப்ளைட் இறங்கிடுச்சுன்னு போர்டுல போட்டுட்டான் சார். இமிக்ரேஷன் முடிச்சு, பெட்டி எடுத்துட்டு வெளியே வர எப்படியும் ஒரு மணி நேரம், பூந்தமல்லி கிட்ட லாரி நிக்காம இருந்தா ஹோட்டலுக்கு இன்னொரு மணி நேரம்" என்று கணக்கையும் ஒப்பித்துவிட்டார். தூரத்தைப் பற்றி எந்தப் பூகோள நூலிலும் இத்தனை தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

அவர் சொன்ன கணக்கை இருபுறமும் கூட்டிப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மீனம்பாக்கம் முப்பது கிலோமீட்டரளவே. ஆயினும் ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து நம்புவதற்கில்லை. பெட்டியை ஒப்படைக்கவும் சோதனைகளுக்கும் மூன்று மணி முன்னதாக வரச் சொல்கிறார்கள். ஹாங்காங் வழியானால் முதல் விமானம் ஐந்தேகால் மணி, இரண்டாவது மூன்றரை மணி, நடுவில் காத்திருப்பது அதிர்ஷ்டசாலிக்கு இரண்டு மணி, மற்றவர்களுக்கு நான்கைந்து மணி. இஞ்சியோனில் இறங்கி வெளியேற ஒரு மணி. வேலை சியோலில் இல்லாமல், ஹூண்டாயின் பெரிய ஆலை இருக்கும் உல்சான் நகரத்தில் இருந்தால், தென்கிழக்குக் கடற்கரை வரைக்கும் ரயில் ஏறி இன்னும் சில மணி. எல்லாம் சேர்ந்து இருபது மணியை எட்டிவிடுகிறது. இதில் பெருவட்டப் பாதை கேட்கும் நேரம் ஆறு மணி மாத்திரமே. மீதியெல்லாம் வரிசைகளும் காத்திருப்புகளும்.

கார்த் தொழிலில் இந்த மணிகளுக்கு விலை உண்டு. ஆலையில் ஒரு ரோபோவின் உறுப்பு பழுதாகி, லைன் நின்றுவிட்டால், நிமிஷத்துக்கு நிமிஷம் நஷ்டம் ஏறும். அப்படிப்பட்ட சமயத்தில் அந்த உறுப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓர் ஆள் அடுத்த விமானத்திலேயே வந்து இறங்குவது இந்தத் தொழிலில் பழக்கமான காரியம். சரக்குக் கப்பலில் வாரக்கணக்காகும். சரக்கு விமானத்தில் காகிதங்களுக்கே நாட்கள் ஆகும். ஆள் தூக்கிக்கொண்டு வந்தால் ஒரு நாள். நேர் விமானம் இருந்தால் அது அரை நாளாகும்.

அப்படியானால் நேர் விமானம் ஏன் எளிதில் வருவதில்லை? ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மாத்திரம் விமானக் கம்பெனிக்குப் போதாது. இரு திசையிலும், வருஷம் முழுவதும், வாரத்தில் இத்தனை நாளென்று நிரம்பவேண்டும். கம்பெனிச் செலவில் விலை உயர்ந்த ஆசனங்களில் போகிறவர்களோடு, சொந்தச் செலவில் போகும் சுற்றுலாக்காரரும் மாணவரும் சேரவேண்டும். வயிற்றறையில் சரக்கும் நிரம்பவேண்டும். எந்த நாட்டு விமானம் எந்த ஊருக்கு எத்தனை தடவை வரலாம் என்பதை இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தத்தில் அனுமதித்திருக்கவேண்டும். டில்லிக்கு இவை எல்லாம் வாய்க்கின்றன. சென்னையின் கொரியப் பிரயாணிகள் ஐந்தாறு மாற்றூர்களின் வழியாகச் சிதறிப் போவதால், அவர்களுடைய உண்மையான தொகை எந்த ஒரு கம்பெனியின் கணக்கிலும் முழுதாகத் தெரிவதில்லை.

இப்போது எல்லோரும் பேசுவது பரந்தூர் விமான நிலையத்தைப் பற்றி. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாகக் காஞ்சிபுரத்துக்கு அருகே பரந்தூரை 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அன்று முதலாக ஏகனாபுரம் முதலிய கிராமங்களின் மக்கள் தங்கள் வயல்களையும் ஏரிகளையும் வீடுகளையும் விட்டுக்கொடுக்க மாட்டோமென்று போராடி வருகிறார்கள். ஒரு பக்கம் பல்லாவரத்து மலையும் மறு பக்கம் அடையாற்றின் நீரும் நெருக்கும் மீனம்பாக்கம், விரிவதற்கு இடமின்றித் தவிக்கிறது என்பதும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது நாட்கணக்காக மூடிக் கிடந்தது என்பதும் மெய்யே. ஆனால் தொழிற்சாலை வட்டாரத்தின் சௌகரியத்துக்காகவே பரந்தூர் வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் படத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது. ஸ்ரீபெரும்புதூர், மீனம்பாக்கத்துக்கும் பரந்தூருக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் நடுவாக இருக்கிறது. புதிய நிலையத்தால் இந்த ஊர்க்காரருக்கு மிச்சமாகக்கூடியது பூந்தமல்லி நெரிசலில் போகும் அரைமணி முக்கால் மணி. மீனம்பாக்கத்திலிருந்தே இஞ்சியோனுக்கு வாரம் மூன்று நேர் விமானங்கள் கிளம்புமாயின் மிச்சமாவது, போகும்போது மட்டும், நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. நிலமெடுக்கும் வழக்குகள் தீரும்வரை காத்திராமல் இந்த இரண்டாவது காரியத்தை ராஜ்ய அரசும் கம்பெனிகளும் சேர்ந்து முதலில் முடித்துக்கொள்ளலாம்.